கோழி சாரின் கப்பல்

என் கணவர் தாணுமாலயன் ஒரு கடற்கொள்ளைக்காரர். அறுபதைத் தாண்டிய பிறகுதான் இந்தத் தொழிலில் இறங்கினார். அதற்கு முன்னால் அவர் செய்தது இதற்கு நேர் எதிரான வேலை. கேரளத்தின் பாறசாலைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சின்ன செக்போஸ்ட்டில் வணிகவரி இன்ஸ்பெக்டர். சாலைக்குக் குறுக்கே கம்பைப் போட்டு, வருகிற வண்டியை நிறுத்தி, பில் கேட்டு, தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார். எல்லாம் சரியென்றால் கம்பைத் தூக்கச் சொல்வார். சரியில்லை என்றால் யார் வந்து சொன்னாலும் கம்பு அசையாது. அவ்வளவுதான் அவருடைய உத்தியோகம்.

ஆள் நல்லவர், கை சுத்தம். பெண்டாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை. அத்தனை வருஷம் அந்த வேலையில் இருந்தும் எங்கள் வீட்டு மாடி இன்னும் பூசாமல் செங்கல் தெரிய நிற்கிறதே, அதைப் பார்த்து ஊரே சொல்லும். ஆனால் கை சுத்தமானவர்களோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு பாடு என்று நடத்தினவர்களுக்குத்தான் தெரியும். நான் கடைக்குப் போய்வந்தால் பையைத் திறந்து பில்லோடு ஒத்துப் பார்ப்பார். பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலா போய்வந்தால் பெட்டியைத் திறப்பார். சந்தேகம் ஒன்றும் கிடையாது, பழக்கம். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஸ்விட்சை அணைத்துவிட்டு, கடைசியாக வெளியே வந்தது யார் என்று ஒரு விசாரணையும் நடத்துவார்.

மகன் அனந்தகிருஷ்ணன் இந்தச் சட்டங்களை ஒருநாளும் மதித்ததில்லை. நானும்தான். மகள் கிருஷ்ணப்ரியா மட்டும் எந்த அறையிலிருந்து கிளம்பினாலும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வருவாள். அதனாலேயே அவள் அப்பாவுக்குச் செல்லம். எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் "மக்கா" என்று கூப்பிடுவோம். அவர் அவளை அப்படிக் கூப்பிடும்போது மட்டும் குரல் வேறு மாதிரி இருக்கும்.

கோழி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் கேரளத்துக்குள் வரும் கறிக்கோழிக்கு வரி உண்டு. தமிழ்நாட்டில் வாங்கி வரி கட்டாமல் இந்தப் பக்கம் கொண்டுவந்தால் நல்ல லாபம். பெரிய சாலையில் செக்போஸ்ட் இருந்தால் என்ன, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஊடுவழிகள் எத்தனையோ உண்டு. அப்படிக் கோழி கடத்தியவர்களில் பெயர்பெற்றவர் ஆரியங்கோட்டுச் செல்லையன். எந்தத் தோட்டத்தின் கேட் எப்போது திறந்திருக்கும், எந்த வாய்க்கால் பாலம் பிக்கப் வண்டியின் பாரம் தாங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஒரு காலையில் இவர் ஜீப்பில் அவரைத் துரத்தினார். ஒரு வளைவில் பிக்கப் சாய்ந்து, கூடுகள் உடைந்து, கோழிகள் சாலையெங்கும் சிதறின. கைப்பற்றிய சரக்கு குறையக் கூடாதே என்று இந்த மனுஷர் பேண்ட்டை முட்டுவரை சுருட்டிக்கொண்டு கோழிகளுக்குப் பின்னால் ஓடியிருக்கிறார். பிறந்ததிலிருந்து முட்டையைக்கூட வாயில் வைக்காத சைவக் குடும்பத்து ஆள், இரண்டு கக்கத்திலும் ஒவ்வொரு கோழியை இடுக்கிக்கொண்டு நிற்பதை யாரோ செல்போனில் படம் பிடித்துவிட்டார்கள். படம் ஊர் முழுக்கச் சுற்றியது. அன்றிலிருந்து அவர் கோழி சார். பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டிலிருந்து எவனாவது கொக்கரிப்பான். செல்லையன் அபராதத்தைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெயர் மட்டும் இவரோடு தங்கிவிட்டது. எங்கள் வீட்டில் அதன் பிறகு கோழி என்ற சொல்லையே யாரும் உச்சரிப்பதில்லை.

பிறகு நாடு முழுக்க ஒரே வரி என்று புதிய வரி வந்தது. செக்போஸ்ட்டுகளை மூடினார்கள். உயிர்க்கோழிக்கு வரியே இல்லை என்றும் ஆகிவிட்டது. நேற்றுவரை கடத்தலாக இருந்தது மறுநாள் வியாபாரம். செல்லையன் அதே பிக்கப்பில் அதே கோழியைப் பட்டப்பகலில் கொண்டுவந்து, எங்கள் ஜங்ஷனில் வண்டியை நிறுத்தி, ஆற அமர டீ குடித்தார். இவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. தான் காவல் காத்ததை, காக்கச் சொன்னவர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. மிச்ச வருஷங்களைத் திருவனந்தபுரத்தில் ஒரு மேஜைக்குப் பின்னால் கழித்துவிட்டு ஓய்வு பெற்றார்.

அந்தச் செல்லையனுடைய மகன் ரதீஷைத்தான் எங்கள் மகள் கல்யாணம் செய்துகொண்டாள். தனுவச்சபுரத்தில் கல்லூரியில் படிக்கும்போது ஏற்பட்ட பழக்கம். பையன் பூவாரில் சுற்றுலாப் படகுகளுக்கு எஞ்சின் வேலை பார்க்கிறான். நான் நேரில் பேசிப் பார்த்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாது. சாதி வேறு என்பதை இவர் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். அவர் சொன்னது இதுதான்.

"எனக்க கையால பிடிச்ச ஆளுக்க வீட்டுக்கு எனக்க மக போவாண்டாம்."

அவள் போனாள். பதிவு அலுவலகத்துக்கு நான் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு போய் நின்றேன். இவர் வரவில்லை. அதிலிருந்து மகளோடு பேச்சு இல்லை. அவள் என்னைப் பார்க்க வருகிறாள் என்று தெரிந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வாசகசாலைக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் பயணம்தான். சர்க்கார் ஊரிலுள்ள செக்போஸ்ட்டை எல்லாம் மூடிவிட்டது, என் வீட்டில் ஒன்று மட்டும் மூடாமல் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கோபம் எனக்கு எப்போதும் உண்டு.

இந்த நிலைமையில்தான் கப்பல் வந்தது. அனந்து பெங்களூருக்கு வேலை மாறிப் போனபோது புதிதாக ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டி வாங்கிக்கொண்டு பழையதை இங்கே போட்டுவிட்டுப் போனான். லீவில் வந்தபோது, சும்மா உட்கார்ந்திருந்த அப்பாவின் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டான். கடற்கொள்ளைக்காரர் விளையாட்டு. பாய்க்கப்பல், பீரங்கி, புதையல் தீவு, கடத்தல் சரக்கு எல்லாம் உண்டு. அவரவர் வீட்டில் இருந்தபடியே நாலைந்து பேர் ஒரே கப்பலில் ஏறலாம். ஒருவர் சுக்கான் பிடிக்க வேண்டும், ஒருவர் பாயைக் கவனிக்க வேண்டும், ஒருவர் பீரங்கிக்கு நிற்க வேண்டும். டிவி வழியாக ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். இவர் ஹெட்செட் போட மாட்டார், காது வேர்க்குமாம். அதனால் கடலில் நடப்பதெல்லாம் அடுப்படியில் இருக்கிற எனக்கும் கேட்கும்.

முதல் வாரம் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. நடக்கச் சொன்னால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பீரங்கியைத் திருப்பித் தன் கப்பல் பாய்மரத்தையே உடைத்தார். ஏணியில் ஏறுகிறேன் என்று கடலில் விழுந்தார், சுறா வந்தது. கோபத்தில் கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்துவிட்டு, இது மனுஷன் விளையாடுகிற சாதனமா என்று என்னிடம் கேட்டார், ஏதோ நான் செய்து விற்றதுபோல. கப்பலைக் கரைசேர்க்கிற நேரம் பார்த்துக் கரண்டு போகும். கரண்டு வந்தால் விளையாட்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போகிறேன் என்று சாயங்காலம் முழுக்க ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனாலும் மறுநாள் விளக்கு வைத்து நான் சாமி கும்பிட்டு முடிப்பதற்குள் அவர் டிவி முன்னால் இருப்பார்.

அதில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் டீ கொண்டுபோனேன். சண்டை ஒன்றும் இல்லை, புதையல் ஒன்றும் இல்லை. கடல் அமைதியாக இருந்தது, சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு சும்மா போய்க்கொண்டிருந்தார்.

"உமை, இஞ்ச பாரு. நான் பாட்டுக்கு தெக்க பாத்து போய்க்கிட்டே இருக்கேன். ஒருத்தனும் கை காட்டல" என்றார்.

கல்யாணம் ஆன புதிதில் காசிக்கு ஒரு தடவை போய்வருவோம் என்று கேட்டேன். லீவு கிடைக்கவில்லை. திருச்செந்தூரைத் தாண்டி நாங்கள் எங்கேயும் போனதில்லை. வாலிபம் முழுக்க ஒரு கம்புக்குப் பக்கத்தில் நின்று மற்றவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் இவர். போகட்டும் என்று நினைத்தேன். டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆனால் கொள்ளைக்காரராக அவர் தேறவில்லை. கடலில் ரோந்துக் கப்பல்கள் சுற்றும். கடத்தல் சரக்கோடு போகும்போது அவை கண்ணில் பட்டால் ஊதுகுழல் ஊதி, கொடி காட்டி நிறுத்தச் சொல்லும். விளையாடுகிற எல்லோரும் அந்த நேரம் பாயை முழுசாக அவிழ்த்துவிட்டு ஓடுவார்கள், விளையாட்டே அதுதான். இவர் நிறுத்துவார். பாயைச் சுருட்டி, நங்கூரத்தை இறக்கி, ஓரமாக ஒதுங்கி நிற்பார். அவர்கள் வந்து சரக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு, கப்பலையும் கொளுத்திவிட்டுப் போவார்கள். பெங்களூரில் இருந்து அனந்து தலையில் அடித்துக்கொள்வான்.

"கொடி காட்டினா நிக்கணும். நிறுத்தாம போனா கள்ளன்னு ஆயிரும்லா" என்பார் இவர்.

"நாம கள்ளன்மாராக்கும் அப்பா."

இந்தச் சண்டை வாரத்துக்கு நாலு முறை நடக்கும். எதிரிக் கப்பலைப் பிடித்தாலும் தொல்லைதான். அது மூழ்குவதற்குள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இவரோ அடித்தட்டில் இறங்கி ஒவ்வொரு பீப்பாயாகத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் கழுத்துவரை ஏறினாலும் வரமாட்டார். மீன்பிடிப் படகு எதிரே வந்தால் வழி விட்டு, தொப்பியைத் தூக்கி மரியாதை செய்வார். பாவப்பட்டவர்களை அவர் வேலையில் இருந்தபோதும் நிறுத்தினதில்லை.

அனந்துவுக்குத் தினமும் வரமுடியாது. ஆள் குறைந்தால் கப்பல் ஓடாது. தன்னுடைய சிநேகிதன் ஒருத்தன் வருவான், மைக் கேடு, எழுதித்தான் பேசுவான் என்று சொல்லி ஒரு ஆளைச் சேர்த்துவிட்டான். அந்த ஆளின் பெயர் சுண்டெலி என்று திரையில் வந்தது. சுண்டெலி நன்றாக விளையாடியது. பாயைப் பார்ப்பது அதன் வேலை. இவர் கடலில் விழுந்தால் கயிறு போடும், கப்பல் ஓட்டையானால் பலகை அடிக்கும், தண்ணீரை வாளியில் மொண்டு கொட்டும். ஆட்டம் முடிந்தால் கப்பலிலுள்ள விளக்குகளை அணைத்துவிட்டு, கையாட்டிவிட்டுப் போகும். இவருக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துவிட்டது. முதலில் "எலே சுண்டெலி" என்றார். சில நாளில் அது "மக்கா" ஆனது.

அன்றைக்கு மகள் எனக்கு போன் செய்தாள்.

"அம்மா, அப்பா இன்னைக்கு என்ன மக்கான்னு விளிச்சாரு" என்றாள். சுண்டெலி யாரென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்த ஏற்பாடு. வாயைத் திறந்தால் அப்பா கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்துபோய்விடுவார் என்று அவளுக்குப் பயம். அதனால் ஊமையாக நடித்தாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆரியங்கோட்டுக்கு பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது. அதில் ஏற மனமில்லாமல், எங்கேயோ இல்லாத ஒரு கடலில் போய் அப்பனும் மகளும் சந்தித்துக்கொள்கிறார்கள். அதிலும் அப்பனுக்கு அது மகள் என்றே தெரியாது. இப்படியும் ஒரு குடும்பமா என்று பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டுவேன்.

இப்படியே போயிருக்கும், அவள் உண்டாகாமல் இருந்திருந்தால். எங்களிடையே தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் பலகாரத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், முறையாகக் கேட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அம்மா மட்டும் போவது முறையல்ல. அப்படிப் போனாலும் அவள் வரத் தயாரில்லை. நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அப்பா வந்து விளித்தால் வருகிறேன், இல்லையென்றால் என் மாமியார் என்னைப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டாள். பிடிவாதத்துக்கு அவள் வேறெங்கும் போக வேண்டாம், அப்பாவிடமே வாங்கி வந்திருக்கிறாள். இந்த முறை தப்பிப்போனால் பிறகு இந்த வாசலை அவள் மிதிக்கவே மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேரப்பிள்ளையும் மிதிக்காது.

வியாழக்கிழமை நல்ல நாள் என்று பார்த்து வைத்தேன். இவரிடம் நேரடியாகச் சொன்னேன். மகளை அழைக்கப் போகிறேன், கார் சொல்லிவிட்டேன், நீங்கள் வருகிறீர்களா இல்லையா என்று கேட்டேன். அவரோ, டீ ஆகிவிட்டதா என்று கேட்டார். அந்த டீயை அவர் தலையில் கொட்டாமல் கையில் கொடுத்தேன் என்பதற்காக எனக்கு எந்தக் கோவிலிலாவது புண்ணியம் எழுதியிருப்பார்கள்.

புதன் சாயங்காலம். அவர் வந்தாலும் வராவிட்டாலும் பலகாரம் பலகாரம்தான் என்று நான் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். முந்திரிக்கொத்து முந்தின நாளே ஆகிவிட்டது. முன்னறையில் கடல் இரைந்தது. வாரக்கணக்காகச் சேர்த்த சரக்கெல்லாம் அன்றைக்குக் கப்பலில் இருந்தது. பட்டு, மிளகு, ஒரு பெரிய புதையல் பெட்டி. அதை ஒரு மறைவான துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் அவர்கள் கனவு கண்டுகொண்டிருந்த பெரிய கப்பல் கிடைக்கும் என்று அனந்து பேசிக்கொண்டே வந்தான். சுண்டெலி பாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊதுகுழல் சத்தம் கேட்டது. ரோந்துக் கப்பல். அனந்து பதறுவது அடுப்படிக்குக் கேட்டது. இவருடைய குரல் எப்போதும்போல நிதானமாக இருந்தது.

"பாய சுருட்டு மக்கா. நிறுத்தீருவோம்."

அலைச் சத்தத்துக்கு நடுவே டிவியிலிருந்து என் மகளின் குரல் வந்தது.

"அப்பா, நிறுத்தாண்டாம். இந்த ஒரு தடவ மட்டும் நிறுத்தாண்டாம்."

முறுக்கை எண்ணெயில் விட்டுவிட்டு ஓடிவந்தேன். அவர் கன்ட்ரோலரை மடியில் பிடித்தபடி அசையாமல் இருந்தார். ரோந்துக் கப்பல் பெரிதாகிக்கொண்டே வந்தது. இதோ எழுந்துவிடப் போகிறார், ஸ்விட்சை அணைத்துவிடப் போகிறார் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

"பாய அவுத்து விடு மக்கா" என்றார். "முழுசும் விடு."

கப்பல் துள்ளிக்கொண்டு கிளம்பியது. இவர் சுக்கானை ஒடித்துத் திருப்பினார். எதிரே இரண்டு பாறைகளுக்கு நடுவில் சின்ன சந்துபோல ஒரு வழி தெரிந்தது. அதற்குள் விட்டார். பெரிய வண்டி வராத இடமாகப் பார்த்துத்தான் செல்லையன் போவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரோந்துக் கப்பல் வெளியே நின்றுவிட்டது. அனந்து சந்தோஷத்தில் கத்தினான். ஆனால் சந்துக்குள்ளே கப்பல் இடமும் வலமும் இடித்தது. ஒரு பக்கம் பலகை அடித்தால் மறுபக்கம் ஓட்டை. மகள் தண்ணீரை மொண்டு மொண்டு கொட்டினாள். சந்தின் மறுமுனையில் வெளிச்சம் தெரிகிற இடத்துக்கு வந்து, கப்பல் மெதுவாக மூழ்கிவிட்டது.

வாரக்கணக்கில் சேர்த்த சரக்கு. பெட்டிகளும் பீப்பாய்களும் மிதந்து நாலு பக்கமும் போயின. மூன்று பேரும் கடலில் நீந்தி ஒவ்வொன்றாகத் துரத்தினார்கள். இவர் ஒரு பீப்பாயை எட்டிப் பிடிப்பார், அது நழுவிப் போகும். அடுத்ததைப் பிடிக்கத் திரும்புவார், முதலாவது இன்னும் தூரம் போயிருக்கும். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கோழி பிடிக்கிறது மாதிரியே இருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. டிவியிலிருந்து அடக்க முடியாத ஒரு சிரிப்பு வந்தது, மகளின் சிரிப்பு. அவளால் நிறுத்த முடியவில்லை. பிறகு அனந்து. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் இறுகியிருந்தது, உதடு மட்டும் துடித்தது. அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, இத்தனை வருஷமாகச் சிரிக்காமல் வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துச் சிரித்தார். அந்தக் கோழிகளைப் பற்றி அவரே சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சிரிப்பு அடங்கின பிறகு மகள் தயங்கித் தயங்கி, நான்தான் என்று அப்பாவுக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். ஏனென்றால் குரல் கேட்டபோது அவர் திடுக்கிடவில்லை. அதை அவளும் கவனித்திருக்கிறாள்.

"கள்ளன்மாருக்க கப்பல்ல எவன் மக்கா வெளக்க அணைச்சிட்டு போவான்" என்றார் இவர்.

அதற்கு மேல் அவர் இருக்கவில்லை. எழுந்து அடுப்படிக்கு வந்து, கருகிப்போன முறுக்கை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் வந்த முதல் வாரமே தெரிந்துகொண்டு, இத்தனை நாளும் தெரியாத மாதிரி உட்கார்ந்து, என்னையும் பைத்தியக்காரியாக்கி, நீங்கள் என்ன மனுஷர் என்று கேட்டேன். பேசியிருக்கலாமே, ஒரு வார்த்தை.

"பேசினா அவ எறங்கிப் போயிருவாளோன்னு பேடிச்சேன்" என்றார்.

அவளும் அதற்குத்தான் பயந்தாள் என்று நான் சொல்லவில்லை. அதை அவர்களே பேசிக்கொள்ளட்டும் என்று, அடுப்பில் எண்ணெயை மாற்றி வைத்தேன். அவர் முறுக்கு மாவைப் பிசைந்து கொடுத்தார். மறுநாள் காலையில் நான் கேட்பதற்கு முன்னாலேயே வெளுத்த வேட்டியும் சட்டையுமாகக் காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

செல்லையன் வீடு ரப்பர் தோட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ஒரு இரும்புச் சங்கிலி கட்டியிருப்பார்கள், கண்ட வண்டியும் உள்ளே வராமல் இருக்க. கார் அதன் முன்னால் நின்றது. சத்தம் கேட்டுச் செல்லையன் வந்தார். இவரைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். சங்கிலியில் கை வைத்தவர், அவிழ்க்காமல் அப்படியே நின்றார். கோழிகள் சிதறிய அந்தக் காலைக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்பது இப்போதுதான். வீட்டு வாசலில் கிருஷ்ணப்ரியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பது தூரத்தில் தெரிந்தது.

இவர் காரிலிருந்து இறங்கினார். நேராகப் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தார். பாத்திரங்களை மூடியிருந்த வாழையிலைகளை ஒவ்வொன்றாக விலக்கி, செல்லையன் பார்க்கட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றார். முந்திரிக்கொத்து, முறுக்கு, அச்சப்பம், நெய்யப்பம், எல்லாம் வீட்டில் செய்தது என்று தணிந்த குரலில் சொன்னார். வாழ்நாளில் எத்தனையோ டிரைவர்கள் அவர் முன்னால் நின்ற நிற்பு அது. செல்லையன் சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எட்டிப் பார்த்து, தலையை ஆட்டினார்.

"திரும்பிப் போவும்ப எனக்க மக வண்டியில உண்டு" என்றார் இவர். "அதுக்கு பில்லு ஒண்ணும் எனக்க கையில இல்ல, செல்லையா."

என் மகள் என்ன கோழியா என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்தேன், கேட்கவில்லை.

"பில்லு இல்லாம எத்தற லோடு நான் கொண்டு போயிருக்கேன், சாரே" என்றார் செல்லையன். "இது நீங்க கொண்டு போங்க."

சங்கிலியை அவிழ்த்துக் கீழே போட்டார். டிரைவர் காரைக் கிளப்பினான். இவர் அதில் ஏறவில்லை. சங்கிலியைத் தாண்டி, "மக்கா, மக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே, வாசலைப் பார்த்து நடந்து போனார்.